மூன்று தடவை எண்ணப்பட்டவர்

உள்ளே போக முடியாத ஒரு நாட்டின் படையை, உள்ளே போகாமலே எண்ணிச் சொல்வது என் வேலை. எத்தனை பேர், எந்த அளவுக்குத் தேர்ந்தவர்கள் என்று இரண்டே கேள்வி. பதில் தெரிந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

யாருக்கு அநியாயம் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டுச் சிறப்புப் படையில் இருக்கும் ஒரு சிப்பாய்க்கு. ஒரே ஆளை மூன்று ஆளாக எண்ணிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அவர் ஒரு ஆள்தான் என்று நான் எழுதினேன். எழுதியதற்காக என் ஆய்வேட்டின் ஆறாம் அத்தியாயத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆக, அடுத்து பாதிக்கப்பட்டவள் நான்.

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னதும் எல்லோரும் அந்த நாட்டுத் தலைவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், என் சிப்பாய்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. யாருக்கும் புரியாத தலைப்பில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, சொந்தக்காரர் கல்யாணத்தில் "என்னம்மா பண்ற?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பாயசம் வருவதற்குள் கைகழுவ எழுந்துவிடுகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மாடி அறை

பல்கலைக்கழகம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். நான் குடியிருப்பது ஊரின் இன்னொரு கோடியில், ஆனையூரில். விடுதியில் இருக்க அனுமதித்த காலம் முடிந்துவிட்டது. தனியாக இருக்கப்போகும் பெண்ணுக்கு வீடு தர ஒத்துக்கொண்டது பாண்டியம்மா அக்கா ஒருவர்தான். கீழே அவர் வீடு, மேலே எனக்கு ஓர் அறை. வட்டாரத்துப் பெண்களைத் திரட்டி, வேன் பிடித்து, கட்சிக் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் அழைத்துப் போவது அக்காவின் தொழில். எந்தக் கட்சி என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது.

என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மூடிய நாடு, வெளியாள் நுழைய முடியாது, உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, அவர்களாக வெளியிடும் அணிவகுப்புப் படங்களை வைத்துத்தான் எண்ண வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினேன். போலீஸில் சேரப் போகிறாயா என்றார். இல்லை என்றேன். பட்டாளத்திலா என்றார். அதுவும் இல்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தவர், என் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "அந்த ஊர்க்காரங்க யாரும் வந்து தங்கக் கூடாது. அதை இப்பவே சொல்லிப்புட்டேன்."

அந்த எண்

அக்கா கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். நான் குடிவந்த இத்தனை நாளில் அந்த ஊர்க்காரர் மட்டுமல்ல, எந்த ஊர்க்காரரும் என்னைப் பார்க்க அந்த மாடிப்படி ஏறவில்லை.

அந்த நாட்டுச் சிறப்புப் படையில் இத்தனை பேர் என்று ஓர் எண் உலவுகிறது. இங்கே அதை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கு இதையும் யாராவது ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த எண் முதன்முதலில் எங்கே பிறந்தது என்று தேடிப் போனேன். ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் கைகாட்டியது. அது ஓர் அறிக்கையைக் காட்டியது. அறிக்கை ஒரு கட்டுரையைக் காட்டியது. கட்டுரையை வரவழைக்க இரண்டு மாதம் ஆயிற்று. பிரித்துப் பார்த்தால், அதன் அடிக்குறிப்பில் நான் முதலில் படித்த புத்தகத்தின் பழைய பதிப்பு. அந்தப் பழைய பதிப்பில் அடிக்குறிப்பே இல்லை. யாரோ ஒருவர் ஒருநாள் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதற்காக நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களை நூலக உதவியாளர் ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். பொறுமைசாலி. புத்தகங்களைத் தருவதற்கு முன் அவரும் புரட்டிப் பார்ப்பார் போலிருக்கிறது. கடைசிப் புத்தகத்தைக் கொடுக்கும்போது கேட்டார்: "ஏம்மா, நீ கேட்ட அம்புட்டுலயும் ஒரே எண்ணுதான் இருக்கு. ஒண்ணப் படிச்சா பத்தாதா?"

மாட்டுத்தாவணியில் பயிற்சி

படத்தைப் பார்த்துத் தலையை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு சிறு சதுரத்தை எண்ணி, அதைப் போல எத்தனை சதுரம் என்று பெருக்க வேண்டும். கண் பழக வேண்டும் என்பதற்காக வாரம் ஒருநாள் மாலையில் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போய், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தை முதலில் மதிப்பிட்டுப் பிறகு ஒவ்வொருவராக எண்ணிச் சரிபார்ப்பேன். திருநெல்வேலி பஸ் நிற்கும் இடம் எனக்கு நன்றாக வரும். சென்னை பஸ் பக்கம் ஆட்கள் ஓரிடத்தில் நிற்கவே மாட்டார்கள், எப்போதும் தப்பும். அத்தனை பேரும் எங்கோ போகக் கிளம்பியவர்கள், அல்லது யாரையோ ஏற்றிவிட வந்தவர்கள். ஏறவும் ஏற்றவும் இல்லாமல் நோட்டோடு நிற்பது நான் மட்டும்தான் என்பது கொஞ்ச நாளில் உறைத்தது.

அங்கே பஸ் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் டைம்கீப்பருக்கும் அது உறைத்திருக்கிறது. யாரையாவது காணவில்லையா என்று கூப்பிட்டுக் கேட்டார். இல்லை சார், சும்மா எண்ணுகிறேன் என்றேன். சும்மா எண்ணுவதை அவர் நம்பவில்லை. மேலிடத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொஞ்சம் கூடவே போட்டுக்கம்மா. பஸ்ஸு பத்தலனு நாங்களும் எம்புட்டு நாளாச் சொல்றோம்."

தரம்

எண்ணிக்கைக்கு அடுத்த கேள்வி தரம். அந்த நாட்டு வீரர்கள் வெறுங்கையால் கூரை ஓடுகளை உடைப்பார்கள், நெஞ்சில் பலகையை வைத்துச் சம்மட்டியால் அடி வாங்குவார்கள். இதையெல்லாம் படம் பிடித்து அந்த அரசே வெளியிடும். பார்த்துவிட்டு வெளிநாட்டு நிபுணர்கள் 'மிக உயர்ந்த தரம்' என்று எழுதுவார்கள். எதிராளி கையில் கூரை ஓடு வைத்துக்கொண்டு நிற்பானா என்று நான் கேட்டால், வழிகாட்டிப் பேராசிரியர், ஆதாரம் கொடும்மா, விவாதம் வேண்டாம் என்பார். ஆதாரம் இல்லாத இடத்தில் விவாதத்தைத் தவிர வேறு எதைக் கொடுப்பது?

அப்போது துறையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் பர்வீன். அவளுடைய ஆய்வு வைகைத் தண்ணீர் பற்றியது. வீடு காஜிமார் தெருப் பக்கம். அவள் அத்தா பள்ளிக்கூடத்துக்கும் பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் சீருடை தைப்பவர். ஒருநாள் நான் பெரிதாக்கி வைத்திருந்த அணிவகுப்புப் படத்தை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைப் பார்க்கவில்லை. கால்சட்டையைப் பார்த்தாள். "முட்டியில ஒரு மடிப்பு இல்ல, பின்னாடி ஒரு சுருக்கம் இல்ல. இதப் போட்டுக்கிட்டு இவங்க இன்னும் உக்காரவே இல்லடி."

மூன்றாம் வரிசை, வலது ஓரம்

அந்த அணிவகுப்பில் சிறப்புப் படை மூன்று பிரிவுகளாக வரும். பனிப் பிரதேசத்துக்கென்று வெள்ளை உடுப்பில் ஒன்று, இருட்டில் போரிடக் கறுப்பு உடுப்பில் ஒன்று, பாராசூட்டில் குதிக்கப் பச்சை உடுப்பில் ஒன்று. ஒவ்வொன்றையும் தனிப் படையணி என்று கணக்கில் வைத்திருக்கிறார்கள். நான் அந்த வீடியோவை வரிசை வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளையில் மூன்றாம் வரிசை, வலது ஓரம்: இடது தாடையில் புளியங்கொட்டை அளவு தழும்போடு ஒருவர். கறுப்பிலும் மூன்றாம் வரிசை வலது ஓரத்தில் அதே தழும்பு. பச்சையிலும்.

மேடையைக் கடக்கும்போது எல்லோரும் தலையைத் திருப்புவார்கள். மற்றவர்கள் முகத்தில் கண்ணீர்கூட வழியும். இவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. பெரியார் பஸ் நிலையத்தில் வருகிற பஸ் எது என்று பார்ப்பவரின் முகம். தினமும் காலையில் அந்தப் படத்தைத்தான் முதலில் திறப்பேன். அவன் இவன் என்று எழுத மனம் வரவில்லை, அதனால் குறிப்பிலும் 'அவர்' என்றே எழுதினேன். சாப்பிட்டீர்களா என்று ஒருதரம் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். பர்வீன் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒன் மாப்ள என்ன சொல்றாரு? சாப்பிட்டாராமா?"

காலைப் பார்

சித்திரை வெயிலில் என் மாடி அறை கொதிக்கும். லேப்டாப் தானாக அணைந்துவிடும். பாண்டியம்மா அக்கா வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அணிவகுப்பு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கூடப் பார்த்தார். நான் கேட்காமலேயே, இவர்கள் சுற்றி வருகிறார்கள் என்றார். ஊர்வலத்தில் ஆள் குறைவாக இருந்தால், முன்னால் போனவர்கள் பின்சந்து வழியாக ஓடிவந்து கடைசியில் சேர்ந்துகொள்வார்களாம். தோள் துண்டை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மேடையில் நிற்பவருக்குக் கூட்டம் முடிவதே தெரியாது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது ராணுவம் அக்கா, உங்கள் வேன் கூட்டம் இல்லை என்றேன். ராணுவத்துக்கு மட்டும் ஆள் பற்றாக்குறை வராதா என்று அவர் கேட்டார். முகத்தை மட்டும் வைத்து ஒரே ஆள் என்று நிரூபிக்க முடியாது, தழும்பு எத்தனையோ பேருக்கு இருக்கும் என்றேன். எனக்கு எதிராக நானே வாதாடிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. அக்கா அசரவில்லை. அவர் அழைத்துப் போனவர்களையே இன்னொரு ஆள் தன் கூட்டம் என்று கணக்குக் காட்டியதும், அதை அவர் நாலு பேர் முன்னால் நிரூபித்ததும் உண்டாம். எப்படி என்றேன். "துண்ட மாத்துவாக, சட்டைய மாத்துவாக. செருப்ப எவன் மாத்துவான்? மூஞ்சியப் பாக்காத பாப்பா, காலப் பாரு."

சொல்ல ஆளில்லை

பார்த்தேன். அந்த மைதானத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் வெள்ளைப் பெயின்டால் புள்ளி வைத்திருப்பார்கள். வெள்ளை உடுப்பில் வரும்போது அவருடைய பூட்ஸ் சுத்தமாக இருந்தது. கறுப்பு உடுப்பில் வலது பூட்ஸ் முனையில் ஒரு பெயின்ட் தீற்றல். பச்சை உடுப்பில் அதே இடத்தில் அதே தீற்றல், கொஞ்சம் தேய்ந்து. பக்கத்தில் நடந்தவரின் இடது பூட்ஸ் கயிறு மூன்றிலும் ஒரே மாதிரி பிரிந்து தொங்கியது. துறை அறையில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எதிரே பர்வீனின் மேசை காலியாக இருந்தது. அவளுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து, முந்தின நாள்தான் புத்தகங்களைக் கட்டி எடுத்துப் போயிருந்தாள்.

மறுநாள் காலை பஸ். ஏற்றிவிடப் போனேன். பெயின்ட், பூட்ஸ், கயிறு என்று பஸ் கிளம்புகிற வரை ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, எழுது, விடாதே என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இனிமே நீ அவர்ட்ட மட்டும்தான் பேசப் போற. நெனச்சா பாவமா இருக்குடி. அவருக்கு."

ஆய்வுக் குழு

ஆறாம் அத்தியாயத்தை எழுதினேன். மூன்று படையணி என்று சொல்லப்படுவது ஒரே ஆட்கள் மூன்று தடவை நடந்தது. எனவே உலவும் எண்ணை நம்ப முடியாது. சரியான எண்ணைச் சொல்லத் தக்க ஆதாரம் யாரிடமும் இல்லை. இவ்வளவுதான் அதன் சாரம். முந்தைய ஐந்து அத்தியாயங்களும் மற்றவர்கள் எழுதியதைத் தொகுத்தது. என்னுடையது என்று இருப்பது இது ஒன்றுதான். இது போனால் ஆய்வேடு இருக்கும், அதில் நான் இருக்க மாட்டேன்.

குழுவில் மூவர். பூட்ஸ் படங்களைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் பரப்பினேன். மூத்த உறுப்பினர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரிதானே இருப்பார்கள், எப்படிப் பிரித்துச் சொல்கிறாய் என்றார். அவர்கள் நாட்டுக் குழு நம்மைப் பார்த்தாலும் இதையேதான் சொல்லும் சார், அதற்காக உங்கள் மூன்று பேரையும் ஒருவர் என்று எழுதலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். பதினைந்து நாளுக்குள் ஓர் எண்ணைத் தர வேண்டும், இல்லையென்றால் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வழிகாட்டி என்னோடு கொஞ்ச தூரம் நடந்தார். கெட்ட மனிதர் இல்லை. என் படங்களை அவரே சுருட்டி, ரப்பர் போட்டு எடுத்துவந்திருந்தார். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா 'தெரியல'ங்கிறதுக்கு ஒரு அத்தியாயம் எதுக்கும்மா? ஒரு வரில சொல்லிரலாமே."

பதினைந்து நாள்

கோடை விடுமுறை. துறையில் ஒருவரும் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்து, வாசலில் இருந்த நோட்டில் கையெழுத்துப் போட்டு, பூட்டிக் கிடந்த அறைகளைத் தாண்டிப் போய் என் இடத்தில் உட்காருவேன். சாயங்காலம் எழுந்து போவேன். சில நாள் பஸ் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதுதான் அன்று முழுக்க நான் பேசியதாக இருக்கும். அம்மாவிடம் போனில் எல்லாம் முடியப் போகிறது என்று சொல்லிவைத்தேன்.

பத்தாவது நாள் அந்த எண்ணைத் தட்டச்சு செய்தேன். அதே பழைய எண். பக்கம் அழகாகத்தான் இருந்தது. அடிக்குறிப்பு போடக்கூட ஏழெட்டுப் புத்தகம் தயார். ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், நானும் பர்வீன் மாதிரி மேசையைக் காலி செய்யலாம். அச்சு எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் காவலாளி அண்ணன் நோட்டை நீட்டினார். போகும் நேரம் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தில் அதுதான் கடைசி வரி. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர், ஒரே கையெழுத்து, அத்தனையும் நான். அண்ணன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "பக்கம் பூரா நீங்கதாம்மா. இந்த நோட்டுல வரிய மட்டும் எண்ணுறவுக, இங்க கூட்டம் அள்ளுதுனு நெனப்பாக."

பதில்

திரும்ப உள்ளே போனேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, குழு கேட்டபடியே இரண்டு தலைப்பில் எழுதினேன். எண்ணிக்கை: உறுதியாகச் சொல்ல முடிந்தது, ஒருவர். தரம்: களைத்திருக்கிறார், ஒரே நாளில் மூன்று தடவை நடக்கவைத்திருக்கிறார்கள். வழிகாட்டி இரண்டு முறை படித்தார். இதை அனுப்பினால் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார். பிறகு அவரே உறையில் போட்டு ஒட்டினார்.

ஒரு மாதம் கழித்துக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. நான் எண் ஒன்றைத் தந்திருப்பதை வரவேற்றிருந்தார்கள். "எனினும் ஒன்று என்பது மிகக் குறைவாகத் தோன்றுவதாலும், படையணிகள் மூன்று உள்ளதாலும், இதைக் குறைந்தபட்சம் மூன்று என உயர்த்த இயலுமா என ஆய்வாளர் பரிசீலிக்கவும். இயலாதெனில் அத்தியாயத்தைப் பின்னிணைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்."

என் ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயத்தோடு எல்லாம் முடிந்துவிடும். ஆறாவது, நூற்பட்டியலுக்கும் பின்னால், யாரும் புரட்டாத இடத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம், அந்தக் கடிதத்துக்குக் கீழேயே நான் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பதில்: "இயலாது, ஐயா. அவரை நான் பார்த்திருக்கிறேன், ஒருவர்தான்."